அப்பாயியின் கண் சொட்டு மருந்தும் ஒரு கோடி ரூபாய்க் கடனும்

போன ஞாயிறு ஹட்டனில் என் வீட்டுக்கு ஐந்து பேர் வந்தார்கள். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்யும் அப்பா, பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் அம்மா, ரிசல்ட்ஸ் கடுதாசியை நான்காக மடித்துக் கைக்குள் வைத்திருந்த மகள், வத்தளையில் கடை வைத்திருக்கும் மாமா, அப்புறம் எதற்கு வந்தார் என்று கடைசி வரை எனக்குப் பிடிபடாத ஒரு சித்தப்பா. உயர்தரம் பயோ, இரண்டாவது தடவை, இரண்டு பி ஒரு சி. நுவரெலியா மாவட்டக் கோட்டாவில் பார்த்தாலும் மருத்துவ பீடத்துக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் அந்த இசட் புள்ளி போதாது. அம்மா பிளேன்டீயைக் கையில் எடுத்தவர் குடிக்கவே இல்லை. நானும் முதல் பத்து நிமிஷம் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன்: பிள்ளை நன்றாகத்தான் செய்திருக்கிறாள், கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது. அப்போதுதான் மாமா போனை என் பக்கம் திருப்பினார். ஏஜன்சி ஒன்று அனுப்பிய கட்டண விபரம். வெளிநாட்டில் மருத்துவம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கு மேல். கொட்டகலையில் வாங்கிப்போட்ட பத்து பேர்ச் காணி, இரண்டு வருஷத்தில் கைக்கு வரப்போகும் அப்பாவின் ஈபிஎஃப், அம்மாவின் நகை, மிச்சத்துக்குக் கடன்.

"நம்ம குடும்பத்துல ஒரு டொக்டர் வரணும் சேர்" என்றார் மாமா. காணி அவருடையது இல்லை.

வீட்டுக்கு வந்தவர்களிடம் சத்தம் போடக்கூடாது என்று சொல்ல நினைத்ததில் பாதியை விழுங்கிவிட்டேன். அந்தப் பாதிதான் இது. அண்ணே, பிள்ளையின் அப்பாவான உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் இதே மாதிரி வீடுகள் பொகவந்தலாவையிலும் பண்டாரவளையிலும் நிறைய இருக்கின்றன, பெயரைப் போடாமல் எழுதுங்கள் என்று நீங்களே சொன்னதால் எல்லாரும் வாசிக்கட்டும்.

முதலில் காசு. கட்டணம் டொலரில், உங்கள் சம்பளம் ரூபாயில். 2022 ஐ மறந்துவிட்டோமா? வருஷத் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360 வரை போனது. அந்த நேரம் பிள்ளையை வெளிநாட்டில் இரண்டாம் வருஷத்தில் வைத்திருந்த அப்பாமாருக்கு, பிள்ளை ஒரு பாடத்தில்கூடப் பெயில் ஆகாமலே, மிச்சக் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. சரி, எப்படியோ கட்டி முடித்துப் பிள்ளை பட்டத்தோடு வந்தாலும் நேரே வார்ட்டுக்குள் போக முடியாது. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டொக்டராகப் பதிய எழுதும், இலங்கை மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் பரீட்சையில் பாஸாக வேண்டும், அதற்குப் பிறகுதான் இன்டர்ன். அந்தப் பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டேன். ஏஜன்சி பார்த்துக்கொள்ளும் என்றார். ஏஜன்சி எதையும் பார்த்துக்கொள்ளாது அண்ணே. பரீட்சை எழுத வேண்டியவள் உங்கள் மகள், கடன் கட்ட வேண்டியவர் நீங்கள், அதுவும் பென்ஷன் இல்லாத வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு.

காணியை விற்காதீர்கள். இதில் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு எதுவும் இல்லை.

மூன்றாவது தடவை எழுத வைக்கலாம் என்ற அம்மாவின் யோசனைக்கும் அதே பதில்தான், காரணம் மட்டும் வேறு. பிள்ளைக்கு அதில் மனமில்லை. அம்மா சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா?

நர்சிங், பார்மசி, ஆசிரியர் கலாசாலை என்று மற்ற வழிகளை டியூட்டரி வாசலில் நிற்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லும், அதனால் அவற்றை விடுகிறேன். நீங்கள் எல்லாரும் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் மட்டும் திரும்பி வந்து என்னிடம் ஒன்று கேட்டாள். போன வருஷம் அப்பாயியைக் கண்புரை ஒபரேஷனுக்குக் கூட்டிப்போனது அவளாம். நர்ஸ் சொட்டு மருந்து விட்டு அரை மணிக்குள் அப்பாயியின் கண்மணி கறுப்புப் பொத்தான் மாதிரி விரிந்துவிட்டதாம். "அந்தச் சொட்டு உள்ள போயி யாருக்கிட்ட சொல்லுது சேர், விரியச் சொல்லி?" டொக்டராக விருப்பமா என்று நான் திருப்பிக் கேட்டேன். வார்ட்டில் இருக்க விருப்பமில்லை, ஆனால் அந்தச் சொட்டு விஷயம் தெரியாமல் மண்டை காய்கிறது என்றாள். ஒபரேஷன் செய்த டொக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படிக் கேட்கிற பிள்ளையை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

அவளுக்கு அன்று பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன், நீங்களும் கேளுங்கள். நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல அசற்றைல்கோலின் என்று ஒரு இரசாயனத்தை வைத்திருக்கிறது. கண்மணியைச் சுருக்கும் தசைக்குச் செய்தி கொண்டுபோவது அதுதான். சொட்டு மருந்து அந்தச் செய்தி தசைக்குப் போய்ச் சேராமல் வழியை அடைத்துவிடுகிறது, கண்மணி விரிகிறது, சேர்ஜனுக்கு உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கிறது. ஒபரேஷன் முடியும்போது கண்மணியை உடனே சுருக்க வேண்டுமென்றால் அதே அசற்றைல்கோலினைக் கண்ணுக்குள் விடுவதும் உண்டு. குடலை அசைப்பதும் அதே பொருள்தான். அந்தச் செய்தியை அடைக்கும் அட்ரோபின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் கண்மணி விரிவது, குடல் மெதுவாவது, வாய் காய்வது எல்லாம் ஒன்றாக நடப்பது அதனால்தான். செய்தி சொல்லி முடிந்ததும் அந்த இரசாயனத்தை உடைத்துத் துடைக்க ஒரு நொதியம் (என்சைம்) இருக்கிறது, அசற்றைல்கோலினெஸ்டரேஸ். ஒரு நொடிக்குள் பல்லாயிரம் மூலக்கூறுகளை உடைக்கும் வேகம் அதற்கு. அப்பாயியின் கண்ணில் தொடங்கிய கேள்வி இப்படிக் குடலுக்குள் போய் நிற்கிறது.

நம் மலையில் இது வெறும் புத்தகச் சங்கதியும் இல்லை. மரக்கறித் தோட்டங்களுக்கு அடித்த ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியத்தைத்தான் கட்டிப்போடும். நஞ்சு ஏறியவருக்குக் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வயிறு முறுக்கும், பேதியாகும், எச்சில் வழியும். அட்ரோபின் கொடுத்து மீட்டெடுத்த பிறகும் சிலருக்கு ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் திடீரென்று தளர்ந்துபோகும். இதை ஒரு தனி நோய்நிலையாக உலகத்துக்கு முதலில் எழுதிக் காட்டியது 1987 இல் நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். சேனாநாயக்க பேராதனை மருத்துவ பீடத்தில் இருந்தவர். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ் அந்தக் கம்பஸ் பக்கம்தான் போகிறது, நாம் ஜன்னலால் பார்த்துக்கொண்டே போய்விடுகிறோம்.

"ஆய்வுன்னா பிள்ளை என்ன வேலை செய்யும்?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி, ஏனென்றால் நாம் யாரும் அதை நேரில் பார்த்ததில்லை. ஒரு வேலை இப்படி: இரத்த மாதிரியை எடுத்து அதிலுள்ள அந்த நொதியம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பது. 1961 இல் எல்மன் என்பவர் கண்டுபிடித்த முறை இன்றும் ஓடுகிறது. நொதியம் வேலை செய்தால் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும், எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை, நிறத்தை அளக்கும் ஒளிமானி என்ற கருவியில் நிமிஷத்துக்கு நிமிஷம் குறித்துக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்து நஞ்சு ஏறியவருடைய இரத்தத்தில் மஞ்சள் மெதுவாகத்தான் ஏறும். இன்னொரு வேலை: எலியின் சிறுகுடலில் இரண்டு சென்டிமீட்டர் துண்டை எடுத்து, 37 பாகை உப்புக் கரைசலில் ஒட்சிசன் குமிழ்விட்டுக் கட்டித் தொங்கவிடுவார்கள். உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் அந்தத் துண்டு தன்பாட்டில் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும், ஏனென்றால் தாளம் போடும் கலங்கள் குடல் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. கஹால் என்ற ஸ்பெயின்காரரின் பெயர் அவற்றுக்கு. மனிதருடைய இரைப்பை நிமிஷத்துக்கு சுமார் 3 தடவை, சிறுகுடலின் தொடக்கம் சுமார் 12 தடவை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாளம் இருக்கிறது. கரைசலில் ஒரு துளி அசற்றைல்கோலின் விட்டால் துண்டு வெடுக்கென்று சுருங்குவது திரையில் கோடாக ஏறும். அட்ரோபின் விட்டுவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தால் கோடு அசையாது. அந்தக் கோட்டை முதல் தடவை பார்க்கும்போது உங்கள் மகள் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவாள் என்று நினைக்கிறேன். எலியை அறுக்க மனசு வராதென்றால் அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளட்டும், பிறகு அழக்கூடாது.

எல்லாம் எலியும் இல்லை. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் (உடம்பு வேலை செய்யும் விதத்தைப் படிப்பது) பேராசிரியராக இருந்த நிரங்கா தேவநாராயணவின் குழு, அடிக்கடி வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளின் இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று ஸ்கேன் வைத்து அளந்திருக்கிறது. கத்தி இல்லை, ஊசி இல்லை. பிள்ளைக்குத் திரவ உணவு குடிக்கக் கொடுத்து, ஸ்கேனில் இரைப்பையின் கீழ்ப்பகுதியை நேரம் வைத்து அளப்பது. வலி உள்ள பிள்ளைகளுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாவது தெரிந்தது. பள்ளிக்கூடம் போகாமலிருக்கப் பொய்யாக வயிற்றுவலி சொல்கிறான் என்று எத்தனை பிள்ளைகளை நாம் அடித்திருப்போம்!

அண்ணே, நொதியம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டி, காற்றுப் பட விரித்துவைத்து, பச்சை செம்பாகி மணம் மாறுகிற நேரம் பார்த்து ட்ரையருக்கு அனுப்புகிறீர்களே, அந்த நிறத்தைக் கொண்டுவருவது இலைக்குள் இருக்கும் பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற நொதியம். ட்ரையர் சூடு அதைக் கொன்றுவிடுகிறது, தூள் அந்த நிலையில் நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் பிந்தினால் என்ன ஆகும் என்று உங்கள் மூக்குக்குத் தெரியும். 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் உங்கள் தலவாக்கலையிலேயே, சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. பெக்டரியில் நீங்கள் மூக்கால் செய்வதை மகள் ஒளிமானியால் செய்யப்போகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். மாமாவுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும்.

சரி, வழி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப வரிசை என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதை கொமியூனிகேஷன் கடைப் பையனிடம் விட்டுவிடுகிறார்கள். அங்கே பேராதனை விஞ்ஞான பீடத்தின் உயிரியல் விஞ்ஞானத்தை மேலே போடுங்கள், அடுத்து கொழும்பின் உயிர் இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும். நம் மாவட்டம் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று, அவற்றுக்கென்று ஒதுக்கும் மேலதிக 5 வீத இடங்களும் சேர்ந்து வரும், போன வருஷ வெட்டுப்புள்ளியை வைத்துப் பார்த்தால் அவளுக்கு இடம் கிடைக்கும் என்றுதான் படுகிறது. படிப்புக்குக் கட்டணம் இல்லை. மஹாபொல அல்லது பர்சரி உதவிப்பணம் கிடைத்தால் போடிங் செலவில் ஒரு பகுதி குறையும். மூன்று வருஷப் பொதுப் பட்டத்தோடு நிறுத்தக்கூடாது, நான்கு வருஷ ஹொனர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். கடைசி வருஷ ஆய்வை நொதியத்திலோ உடற்றொழிலியலிலோ எடுத்துக்கொண்டால் அதன் பிறகு மருத்துவ பீட ஆய்வுக் குழுக்களில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து எம்ஃபில் என்ற ஆய்வுப் பட்டத்துக்குப் பதியலாம். பேராதனையிலேயே நஞ்சுகளைப் பற்றி ஆராயும் சர்வதேசக் கூட்டு முயற்சி ஒன்று மருத்துவ பீடத்தோடு சேர்ந்து நடக்கிறது. பிறகு வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டம். மாமாவுக்குப் பிடித்த வெளிநாடுதான், ஆனால் காசு எதிர்ப்பக்கமாக ஓடும்: அமெரிக்காவில் இந்தத் துறையில் இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணத்தை அவர்களே தள்ளுபடி செய்து மாதம் மாதம் படியும் கொடுப்பார்கள்.

மதுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1976 இல் 11 கட்டில்களோடு டொக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992 இல் ஒரோலேப் என்று சொந்தமாக ஒரு தொழிற்சாலை போட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவந்தது. அங்கே கத்தி பிடிக்காத விஞ்ஞானிகள் வேலை செய்யும் ஆய்வுப் பிரிவும் உண்டு. கண்ணையும் நொதியத்தையும் சேர்த்த இன்னொரு கதையும் உண்டு: 1950களின் கடைசியில் ஸ்பெயினில் பராக்கெர் என்ற கண் சேர்ஜன், மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த செரிமான நொதியம் ஒன்றைக் கண்ணுக்குள் விட்டு, புரை பிடித்த வில்லையைத் தாங்கும் நார்களைக் கரைத்துக் காட்டினார். பிறகு சிலருக்கு அதனால் கண் அழுத்தம் ஏறுவது தெரிந்தது, வேறு முறைகள் வந்தன, அது கைவிடப்பட்டது. குடலில் வேலை செய்யும் நொதியம் கண்ணுக்கும் உதவும் என்று ஒருவர் யோசித்தாரே, மகளுக்குச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. ஆய்வு உதவியாளர் வேலை ஒப்பந்த வேலை, ஆய்வுப் பணம் முடிந்தால் வேலையும் முடியும். சம்பளம் குறைவு. எல்லாம் இங்கிலீஷில் நடக்கும். அவளுடைய இங்கிலீஷ் இப்போது போதாது, கம்பஸ் தொடங்கும் வரை இருக்கும் மாதங்களில் மரியாதையாக அதைத்தான் படிக்க வேண்டும். காலூன்ற முப்பது வயதாகிவிடும். இருபத்தைந்தில் சித்தப்பா ஒரு வரனோடு வருவார், அன்றைக்கு எதற்கு வந்தார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்போது வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவள் இல்லை.

விண்ணப்பத்தை அனுப்பிவிடாதீர்கள், வருகிற ஞாயிறு எடுத்துக்கொண்டு வாருங்கள், விருப்ப வரிசையை அவள் கையாலேயே எழுதட்டும். நீங்களும் மகளும் மட்டும் வந்தால் போதும். அப்பாயிக்கு வர முடியுமென்றால் கூட்டிவாருங்கள், கண் இப்போது எப்படித் தெரிகிறது என்று எனக்கும் கேட்க வேண்டும்.