கொண்டை வாத்தின் கணக்கு

கேள்வி: நல்ல கொண்டையுள்ள ஜோடியைச் சேர்த்தேன். இன்குபேட்டரில் கரு கூடிய முட்டைகளிலும் சில, குஞ்சு பொரிக்காமல் உள்ளேயே இறந்துவிடுகின்றன. பொரித்தவற்றில் சில மொட்டைத் தலை. இன்குபேட்டரை மாற்றலாமா?

பதில்: வேண்டாம், ஜோடியை மாற்றுங்கள். கொண்டைக்கான மரபணு ஒன்று இருந்தாலே கொண்டை வந்துவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரண்டாகச் சேர்ந்தால் கரு பிழைக்காது. எனவே உங்கள் ஜோடியின் 100 கருமுட்டைகளில், கணக்குப்படி 25 இறக்கும், 50 கொண்டையோடும் 25 கொண்டையில்லாமலும் பொரிக்கும். கொண்டை வாத்தைச் சாதாரண வாத்தோடு சேர்த்தாலும் அதே 50 கொண்டைக் குஞ்சுகள்தான், ஆனால் இந்தச் சாவு இல்லை. பிறகு எதற்கு அந்த 25 உயிர்கள்?

இன்னொன்று. அந்தப் பஞ்சுருண்டைக்கு அடியில் இருப்பது கொழுப்புத் திசு. பல வாத்துகளுக்கு அந்த இடத்தில் மண்டையோட்டில் ஓட்டை இருக்கும். சிலவற்றுக்குக் கொழுப்பு மூளைக்குள்ளும் படிந்திருக்கும். நடையில் தள்ளாடுகிற, மல்லாந்து விழுந்தால் எழ முடியாத வாத்தை, கொண்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். நான் வாங்கப் போனால் முதலில் நடக்கவிட்டுப் பார்ப்பேன். தலையைப் பிறகுதான் பார்ப்பேன்.

கேள்வி: ரன்னர் இன வாத்தில் சாக்லேட் நிற ஆணையும் கறுப்புப் பெட்டையையும் சேர்த்தேன். சாக்லேட் குஞ்சுகள் எல்லாமே பெட்டையாக இருக்கின்றன. தற்செயலா?

பதில்: இல்லை. அந்த நிறத்துக்கான மரபணு பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. அது ஒடுங்கு மரபணு, அதாவது கறுப்புக்கான மரபணு கூடவே இருந்தால் வெளியே தெரியாது. வாத்தில் ஆணுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்று தந்தையிடமிருந்து வருகிறது. மகனுக்குத் தாயின் கறுப்பும் சேர்ந்து வருகிறது. ஆகவே மகள்கள் சாக்லேட், மகன்கள் கறுப்பு. அந்த மகன்களுக்குள் சாக்லேட் மறைந்திருக்கிறது என்பதைக் குறித்துவையுங்கள். பொரித்த அன்றே தூவியின் நிறத்தை வைத்து ஆண், பெண் பிரித்துவிடலாம். நம் ஊரில் பலரும் வளர்க்கும் காக்கி கேம்பலின் பழுப்பும் இதே மரபணுதான். ஜோடியை மாற்றி, கலப்பில்லாத கறுப்பு ஆணைச் சாக்லேட் பெட்டையோடு சேர்த்தால் எல்லாம் கறுப்பு. இந்த வசதி கிடைக்காது.

கேள்வி: வால் மேல் சுருள் இறகு வந்திருக்கிறது. அரிய வகையா?

பதில்: ஆண் வாத்து, அவ்வளவுதான்.

கேள்வி: கறுப்பு இனமான கேயுகா வாத்துப் பெட்டைக்கு ஒவ்வோர் இறகுதிர்ப்பிலும் வெள்ளை கூடுகிறது. நோயா?

பதில்: வயது. கறுப்பு இனங்களில், குறிப்பாகப் பெட்டைகளில், இது வழக்கம். கண்காட்சிக்கு இளம் வாத்தை அனுப்புங்கள்.

கேள்வி: இறக்கை நுனி வெளிப்பக்கமாகத் திரும்பிய வாத்தை 'தேவதை இறகு' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். இதிலிருந்து குஞ்சு எடுக்கலாமா?

பதில்: அது புது ரகமல்ல, மணிக்கட்டு மூட்டு திருகிய குறை. குஞ்சுப் பருவத்தில் சத்து மிகுந்த தீவனத்தால் அளவுக்கு மீறி வேகமாக வளர்வதே பெரும்பாலும் காரணம். இறகு முளைக்கும் வயதிலேயே கவனித்து, இறக்கையை மடக்கிச் சில நாள் கட்டுப்போட்டால் நேராகும். வளர்ந்த வாத்துக்குக் கட்டுப் பயன் தராது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.