லேசர் என்றால் என்ன? சாதாரண விளக்கு வெளிச்சத்திலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

லேசரும் வெளிச்சம்தான். ஆனால் ஒரே நிறத்தில், ஒரே திசையில், அலைக்கு அலை அடி பிசகாமல் சேர்ந்து வரும் வெளிச்சம். குண்டு பல்பில் ஒவ்வொரு அணுவும் தன் இஷ்டத்துக்கு ஒளியை விடும். சந்தைக் கூட்டம் மாதிரி. லேசரோ தேர் வடம் பிடிப்பது மாதிரி. எல்லோரும் ஒரே பக்கம், ஒரே நேரத்தில் இழுப்பார்கள்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? ஆற்றல் ஏற்றி வைத்த அணுவை ஓர் ஒளித்துகள் கடந்துபோனால், அந்த அணு அதே மாதிரி அச்சு அசலான இன்னொரு துகளை வெளிவிடும். 1917-இல் ஐன்ஸ்டைன் சொன்னது இது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரு முனையிலும் கண்ணாடி வைத்தால் ஒளி போய்வந்து பெருகும். ஒரு கண்ணாடி மட்டும் கொஞ்சம் ஒளியைக் கசியவிடும். அந்தக் கசிவுதான் நாம் பார்க்கும் கற்றை. 1960-இல் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லை வைத்து முதல் லேசரை இயக்கிக் காட்டினார்.

பில் போடும்போது பிஸ்கட் பாக்கெட் மேல் ஒரு சிவப்புக் கோடு ஓடுமே, அதைப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் ஒளியை விழுங்கும், வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். அந்த மாறுதலைத்தான் இயந்திரம் எண்ணாகப் படிக்கிறது. அப்புறம் கண் சிகிச்சை, தகடு வெட்டுதல், ஃபைபர் இணையம் என்று பட்டியல் நீளும்.

லேசர் கற்றை விரியவே விரியாது என்று பலர் நினைக்கிறார்கள். 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்த பிரதிபலிப்பானை நோக்கி இங்கிருந்து அனுப்பும் கற்றை, அங்கே சேரும்போது கிலோமீட்டர் கணக்கில் அகன்றிருக்கும்.