காலடியில் ஆயிரம் அடி: விமான உயரக் கேள்விகள் சில

சென்னையிலிருந்து டெல்லி போகும்போது, எங்களுக்குக் கீழே ஒரு விமானம் எதிர்த்திசையில் சர்ரென்று போனது. மயிரிழையில் தப்பித்தோமா?

அதெல்லாம் இல்லை, அது அன்றாடம் நடப்பதுதான். கிழக்குப் பாதியை நோக்கிப் பறப்பவர்களுக்கு 33, 35, 37 ஆயிரம் அடி என ஒற்றைப்படை, மேற்குப் பாதிக்கு இரட்டைப்படை. டெல்லிக்கான பாதை வடக்கே போனாலும் கொஞ்சம் மேற்கே சாய்கிறது, அதனால் நீங்கள் 36,000 என்றால் அங்கிருந்து வருகிறவர் 35,000. இடைவெளி 305 மீட்டர். இரண்டும் சேர்ந்து மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் நெருங்குவதால் உரசிக்கொண்டு போனது போலத் தெரியும்.

மேலே 2,000 அடி இடைவெளி வேண்டும் என்று படித்த ஞாபகம்?

பழைய விதி, 29,000 அடிக்கு மேலே. உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் உண்மையில் அளப்பது காற்றழுத்தத்தை. கடல் மட்டத்தில் ஒரு மில்லிபார் பிசகினால் 27 அடிதான் தவறும், 35,000 அடியில் அதே ஒரு மில்லிபாருக்குக் கிட்டத்தட்ட 90 அடி! கருவிகள் தேறியபின் 1997-ல் வட அட்லாண்டிக்கில் 1,000 அடியாக்கினார்கள், 2003 நவம்பரில் நம்மூரிலும். 29,000 முதல் 41,000 வரை 7 தளங்கள் இருந்த இடத்தில் இப்போது 13. ஆனால் தனித்தனியாக இயங்கும் இரண்டு ஆல்டிமீட்டர், உயரத்தைப் பிடித்துவைக்கும் ஆட்டோபைலட், உயரம் தவறினால் எச்சரிக்கும் கருவி எல்லாம் வேண்டும். வழியில் ஏதாவது மக்கர் செய்தால் விமானி உடனே தரையிலுள்ள விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலரிடம் சொல்லியாக வேண்டும். 41,000-க்கு மேலே இன்றும் 2,000தான்.

காற்றழுத்தம் இடத்துக்கு இடம் மாறுமே, உயரம் தப்பாகக் காட்டாதா?

காட்டும், தாராளமாக. ஆனால் மேலே எல்லாரும் ஆல்டிமீட்டரில் கடல் மட்ட அழுத்தத்தை 1013 மில்லிபார் என்றே வைத்துக்கொள்வதால் பக்கத்து விமானமும் அதே அளவு தப்பாகக் காட்டும். நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தானே?

அப்போ 1,000 அடி போதுமா?

மோதாமலிருக்கப் போதும். பெரிய விமானம் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல்தான் வேறு கதை. 2017 ஜனவரியில் அரபிக்கடல் மேலே ஓர் ஏ380 என்ற இரட்டை மாடி ராட்சத விமானம், எதிரே வந்த சிறிய சேலஞ்சர் ஜெட்டுக்கு 1,000 அடி மேலே கடந்து போனது. விதிப்படி எல்லாம் சரி. சற்று நேரத்தில் சேலஞ்சர் குட்டிக்கரணம் அடித்து, பல ஆயிரம் அடி விழுந்து, ஓர் எஞ்சின் நின்று, எப்படியோ மஸ்கட்டில் இறங்கியது. உள்ளே இருந்தவர்களுக்குக் காயம், விமானம் அதோடு சரி. கடல் மேலே பறக்கையில் பாதையின் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் இரண்டு கடல் மைல் வரை விமானிகள் ஒதுங்கிப் பறப்பது இந்தச் சுழலுக்காகவும்தான்.