குரல் வாக்கும் பெயர்ப் பதிவும்

கேள்வி: அமெரிக்காவின் நிக்கி ஹேலி, ஆளுநராவதற்கு முன் மாநிலச் சட்டமன்றத்தில் என்ன சாதித்தார்? (தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியக் குடும்பத்தில் 1972இல் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே தாயாரின் துணிக்கடைக்குக் கணக்கு எழுதிய அவர், 2004இல் தென் கரோலினா சட்டமன்றத்தின் நீண்டகால உறுப்பினர் ஒருவரைக் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார். வரிக்குறைப்பை ஓயாமல் வலியுறுத்திய பழைமைவாதிதான். எனினும் சொந்தக் கட்சித் தலைவர்களுடன் அவர் மோதியது வேறொன்றுக்காக. அங்கே பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. நம் தோட்டத்துக் கோயில் கூட்டத்தில் எழும் ‘சரி, சரி’யைப் போல, சொன்னவர் யார் என்பதற்குச் சான்று இராது. ஒவ்வொருவரின் வாக்கையும் பெயருடன் பதிய வேண்டுமென்று வாதாடிய அவரே, 2011இல் ஆளுநரானதும் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார்.