டிரம்மில் கள்ளு வாடை அடித்தால் சூடோமோனாஸ் பெருகிவிட்டதா?

கேள்வி: தக்காளி வாடல் நோய்க்காக சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் பவுடர் வாங்கி, 200 லிட்டர் டிரம்மில் வெல்லம் கரைத்து, கலந்து மூடி வைக்கிறேன். சில நாளில் நுரை கட்டி கள்ளு வாடை வருகிறது. பெருகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? பேசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் பாக்கெட் கோடையைத் தாங்குகிறது, சூடோமோனாஸ் மட்டும் ஏன் சீக்கிரம் வீரியம் இழக்கிறது? – ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி

பதில்: பெருகியது ஈஸ்ட். வெல்லத்தோடு வந்த ஈஸ்ட்தான் அந்த நுரைக்கும் வாடைக்கும் காரணம். அந்தக் கரைசலை நம்பி வாடலைக் கட்டுப்படுத்த முடியாது.

பாக்டீரியாவின் உலர்ந்த எடையில் பாதி கார்பன், 12 முதல் 14 சதவீதம் நைட்ரஜன், 3 சதவீதம் அளவுக்குப் பாஸ்பரஸ். மிச்சத்தில் கந்தகம், பொட்டாசியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் உண்டு. வெல்லம் கார்பனை அள்ளிக் கொடுக்கும், நைட்ரஜன் மிகக் குறைவு. நைட்ரஜன் இல்லாமல் புரதமும் கிடையாது, டிஎன்ஏவும் கிடையாது. செல் எப்படி இரண்டாகும்? ஆய்வகத்தில் இதை வளர்க்கும் கிங்ஸ் பி ஊடகத்தில் லிட்டருக்கு 20 கிராம் பெப்டோன் (செரிக்கவைத்த புரதம்) போடுகிறோம், கார்பனுக்கான கிளிசரால் 10 மில்லிதான். அதாவது புரத உணவுக்கே முதலிடம்.

அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. பாக்டீரியாவுக்கு மைட்டோகாண்ட்ரியா (நம் செல்களில் சுவாசம் நடக்கும் உறுப்பு) கிடையாது. செல் சவ்விலேயே சுவாசம் நடக்கிறது. சூடோமோனாஸுக்கு அதற்கு ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம்கூட ஆக்சிஜன் கரைந்திருக்காது, மூடிய டிரம்மில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாக்களும் காற்றில்லாமலே சர்க்கரையை நொதிக்க வைக்கும். கரைசலும் புளித்துவிடும், சூடோமோனாஸுக்கு அது ஒத்துவராது.

பேசில்லஸின் செல்சுவர் தடிமனானது, உண்மைதான். ஆனால் கோடையைத் தாங்க வைப்பது அந்தச் சுவர் அல்ல, வித்து. உணவு தீரும்போது பேசில்லஸ் தன் டிஎன்ஏவின் ஒரு நகலைப் பல உறைகளுக்குள் பொதிந்து, ஈரத்தையும் பெருமளவு வெளியேற்றிவிடுகிறது. சூடோமோனாஸ் வித்து உண்டாக்காது. டால்க் (மாக்கல் மாவு) கலந்த பவுடரில் இருக்கும் பாக்டீரியா முழுக்க உயிருள்ள, மெல்லிய சுவருள்ள செல்கள். சிமெண்ட் ஷீட் போட்ட ஷெட்டில் சித்திரை வெயிலுக்கு அவை நிற்காது. காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள், குளிர்ந்த நிழலில் வையுங்கள்.

டிரம்மை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஏக்கருக்கு ஒரு கிலோ பவுடரை 20 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும், ஆனால் தண்ணீர் சொட்டாது என்ற ஈரத்தில் நிழலில் குவித்து, நனைத்த சாக்கால் மூடுங்கள். ஒரு வாரம் வரை அவ்வப்போது கிளறிவிட்டால் போதும். காற்று, நைட்ரஜன், தாது உப்பு மூன்றும் அங்கே இருக்கின்றன. மாலை நேரத்தில், ஈர மண்ணில் இடுங்கள். குளோரின் கலந்த குடிநீரைத் தெளிக்க வேண்டாம். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சைக்கொல்லியோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

இரும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு கிடைக்காதபோது இந்தப் பாக்டீரியா பயோவெர்டின் என்ற மஞ்சள்-பச்சை நிறமியைச் சுரந்து, வேரைச் சுற்றியுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. நோய்ப் பூஞ்சைக்கு இரும்பு தட்டுப்படுகிறது. வாடல் குறைய இதுவும் ஒரு காரணம். கிங்ஸ் பி தட்டில் இரும்பைக் குறைத்து வைப்பதும் இதற்காகத்தான்: புற ஊதா விளக்கில் காலனிகள் ஒளிர்ந்தால் பவுடரில் உள்ள சூடோமோனாஸ் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். பக்கத்து ஆய்வகத்தில் இந்தச் சோதனை செய்து தருவார்களா என்று விசாரியுங்கள்.

வாடல் பூஞ்சையாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும்; எந்த வாடல் என்பதையும் பார்த்துவிடுங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டால், தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டிய முனை படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் பாயாமல் மடையை மாற்றிவிடுங்கள்.