ஜி.ஐ. பைப்பும் வெள்ளைப் புகையும்: வாசகர் கேள்விகள்

நேற்று ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் செய்தேன். ராத்திரி குளிர் காய்ச்சல், உடம்பு வலி. புகைதான் காரணமா?

பெரும்பாலும் அதுதான். ஜி.ஐ. பைப் என்பது துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். இரும்பு உருகவே 1,500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதனால் இரும்பு இளகும் முன்பே பூச்சு புகையாகிவிடுகிறது. சட்டைக் கையில் பஞ்சுபோல வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது துத்தநாக ஆக்சைடு. சூடாக இருக்கும்போது மஞ்சள், ஆறினால் வெள்ளை. அதைச் சுவாசித்தால் 4 முதல் 10 மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். வாயில் ஒரு உலோக இனிப்பு, தாகம், நடுக்கம். வழக்கமாக ஒன்றிரண்டு நாளில் அடங்கும்.

ஆனால் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், வெல்டிங் புகை என்று முதலிலேயே சொல்லுங்கள். பழைய போல்ட், நட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கலாம். அந்தப் புகையும் இதேபோல் காய்ச்சலில்தான் தொடங்கும். அப்புறம் நுரையீரலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடலாம். என்ன பூச்சு என்று தெரியாத உலோகத்தில் நெருப்பு வைக்கவே வேண்டாம்.

பால் குடித்தால் போதும் என்கிறார்களே?

போதாது. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. தினமும் இதே வேலை செய்பவர்களுக்கு உடம்பு கொஞ்சம் பழகிவிடும். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்தால் மறுபடி காய்ச்சல். அந்தப் பழக்கத்தைத்தான் பாலின் மகிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எப்போதாவது ஞாயிறு மட்டும் வெல்டிங் செய்யும் உங்களுக்கு ஒவ்வொரு முறையும் அந்தத் திங்கட்கிழமைதான்.

பூச்சை எப்படி எடுப்பது?

கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் அடுக்கிய தேய்ப்பு வட்டு) போட்டு, இணைப்பின் இரு பக்கமும் 5 சென்டிமீட்டராவது தேயுங்கள். வெள்ளி மினுமினுப்பு போய் இரும்பின் சாம்பல் நிறம் தெரிய வேண்டும். பைப்பின் உள்பக்கமும் பூச்சு உண்டு, பலர் மறப்பது அதைத்தான். தேய்க்கும்போதே மாஸ்க் போடுங்கள். பிரேக் கிளீனரால் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் ஸ்பிரே) துடைத்துவிட்டு வெல்டிங் செய்யாதீர்கள்: குளோரின் கலந்த வகை ஆர்க் சூட்டில் பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயுவாகும்.

ஃபேன், துணி மாஸ்க் போதுமா?

துணி பயன்படாது. ஹெல்மெட்டுக்குள் அடங்கும், பி100 ஃபில்டர் (நுண்துகள்களைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுக்கும் வகை) வைத்த ரப்பர் மாஸ்க் வாங்குங்கள். வேலை திறந்த இடத்தில் நடக்கட்டும். ஃபேன் பக்கவாட்டிலிருந்து மெதுவாக வீசட்டும். வேகமாக வீசினால் மிக் வெல்டிங்கில் பற்றைக் காற்றிலிருந்து காக்கும் கேஸ் கலைந்து பற்றில் ஓட்டை விழும். புகைக்கு நேர் மேலே தலையைக் கொண்டுபோகாதீர்கள். தாடி இருந்தால் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டாமல் புகை அந்த இடுக்கில் நுழையும்; மழித்துவிட்டுப் போடுங்கள்.