கேள்வி நேரம்: ஃபேக்டரிக்கு ஒரு பாஸ்

எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவில் 140 பேர். யார் எத்தனை கிலோ பச்சை இலை கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு பணம் என்ற கணக்கை ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய சிறு மென்பொருளில் வைத்திருக்கிறோம். இலை வாங்கும் ஃபேக்டரியின் கணினி எடையை ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வாசல்) வழியாக எடுத்துக்கொள்கிறது. உறுப்பினர்களுக்காக வெளியாள் ஒருவர் மொபைல் செயலியும் செய்து தருகிறார். இரண்டு பேருக்கும் என் யூசர்நேம், பாஸ்வேர்டைத்தான் கொடுத்திருக்கிறேன். டோக்கன் முறைக்கு மாறச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, கோத்தகிரி

இன்று இரவே அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீதியை நாளை படிக்கலாம். காலையில் இரண்டு பேரும் 'வேலை செய்யவில்லை' என்று ஃபோன் செய்வார்கள். செய்யட்டும். ஒருவரை நிறுத்த நினைத்தால் இருவரும் நிற்கிறார்கள் பாருங்கள், அதுதான் உங்கள் சிக்கல்.

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, நினைவிருக்கும். எந்த வண்டி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். டோக்கனும் அதே ரகம்: எந்தச் செயலி, எதைப் பார்க்கலாம், எப்போது வரை. நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குப் பாஸ் வேண்டாம் என்பது போல உங்கள் அலுவலகத்துச் சொந்த ஸ்கிரிப்ட்டுக்குச் சலுகை கொடுத்துவிடாதீர்கள். அதுவும் வரிசையில் நிற்கட்டும்.

ஓர் இடத்தில் இந்த ஒப்பீடு சறுக்கும். இ-பாஸில் வண்டி எண் இருப்பதால் அடுத்த வண்டிக்குச் செல்லாது. சாதாரண டோக்கன் பஸ் டிக்கெட் மாதிரி, யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பயணி. பேரர் (கையில் வைத்திருப்பவர்) டோக்கன் என்ற பெயரே அதனால்தான். வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்கும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் அனுப்பக் கூடாது. யூஆர்எல்லுக்குள் வைத்தால் சர்வரின் பதிவேட்டில் (லாக்) அப்படியே பதிந்துவிடும், கோரிக்கையோடு தனியாகப் போகும் ஆதரைசேஷன் ஹெடர் என்ற தலைப்பு வரியில்தான் போக வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் 'சார், இதான் டோக்கன்' என்று ஒட்டுகிறவர்களும் உண்டு. நானே ஒருமுறை ஒட்டியிருக்கிறேன், அதனால் அதிகம் பேசவில்லை.

இதற்கான பொதுவிதி ஓஆத் 2.0. 2012இல் ஆர்எஃப்சி 6749 என்ற எண்ணுள்ள இணைய விதி ஆவணமாக வெளியானது. அதைப் படித்துவிட்டு நீங்களே எழுத உட்காராதீர்கள். 'ஜாங்கோ ஓஆத் டூல்கிட்' என்ற தயார் நிரல் இருக்கிறது, இலவசம். அதில் இரண்டு பேரையும் தனித்தனி அப்ளிகேஷனாகப் பதியுங்கள்.

ஃபேக்டரிக் கணினி தானாகவே வந்து எடை கேட்கிறது, நடுவில் ஆள் இல்லை. அதற்கு 'கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ்' வகை. மொபைல் செயலியில் உறுப்பினர் தானே உள்ளே வந்து சம்மதம் சொல்ல வேண்டும், அதற்கு 'ஆதரைசேஷன் கோட்', கூடவே பிக்ஸி (ஒவ்வொரு முறையும் செயலியே புதிதாக உருவாக்கும் தற்காலிக ரகசியம்). மொபைலுக்குள் ரகசியச் சொல்லைப் புதைத்து வைத்தால் செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். அந்த நம்பிக்கையே வேண்டாம் என்றுதான் 2015இல் பிக்ஸி வந்தது.

டூல்கிட்டில் நான் இடறிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். புது அப்ளிகேஷன் பதியும்போது ரகசியச் சொல் திரையில் தெரியும். சேவ் அழுத்திவிட்டால் ஹாஷ் (மூலத்துக்குத் திருப்ப முடியாத குறியீடு) ஆகிவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. முதலில் நகலெடுங்கள். அப்புறம், டோக்கன் ஆயுள் தானாக 36000 விநாடி என்றிருக்கும், அதாவது 10 மணி நேரம். எடைக் கணக்குக்கு 3600 தாராளம். மூன்றாவதுதான் மோசம். கேட்கிற செயலி ஸ்கோப் (எதையெல்லாம் செய்யலாம் என்ற அனுமதி எல்லை) எதையும் சொல்லாமல் கேட்டால், நீங்கள் மாற்றாதவரை எல்லா ஸ்கோப்பையும் கொடுத்துவிடும்! 'எடை பார்க்க', 'எடை எழுத', 'பணம் பார்க்க' என்று மூன்றாகப் பிரியுங்கள். ஃபேக்டரிக்கு முதலாவது மட்டும். யார் வங்கியில் எவ்வளவு போட்டீர்கள் என்பது அவர்களுக்கு எதற்கு?

ஜேடபிள்யூடி, அதாவது விவரங்களைத் தனக்குள்ளேயே சுமக்கும் டோக்கன் வகை, போடலாமா என்று யாராவது கேட்பார்கள். 140 பேருக்கு வேண்டாம் என்பேன். அது கையெழுத்திட்ட சீட்டு, பூட்டிய பெட்டி அல்ல. வழியில் யார் பிரித்தாலும் படிக்கலாம். தவிர, கையெழுத்தை மட்டும் சரிபார்க்கிற சர்வரில், நீங்கள் ரத்து செய்தாலும் காலாவதி ஆகும்வரை செல்லும். டூல்கிட் இயல்பாகத் தருகிற டோக்கன் வெறும் எழுத்துக்கோவை, உங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது. வரியை அழித்தால் அடுத்த கேள்விக்கே கதவு சாத்திவிடும்.

எங்கள் டோக்கன் வாங்கியவுடன் செல்லாது என்கிறது. டீ குடித்துவிட்டு வந்தால் செல்கிறது. என்ன மாயம்?
— வாசகர், கூடலூர்

நீங்கள் ஜேடபிள்யூடி ஆள். கடிகாரத்தைப் பாருங்கள். குன்னூரில் நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்திலும் இதேதான். இரண்டு நாள் நிரலை வரி வரியாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால், டோக்கனைச் சரிபார்க்கிற கணினியின் மதர்போர்டு பேட்டரி தளர்ந்து, மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் ஓடியது. பத்து மணிக்குக் கொடுத்தது என்று குறித்திருந்த டோக்கனைப் பார்த்து, 'இப்போது 9.50தானே, இது இன்னும் பிறக்கவே இல்லையே' என்று திருப்பி அனுப்பியது. பட்டன் பேட்டரியை மாற்றினேன், என்டிபி (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் முறை) வழியாக நேரம் தானாகச் சரியாகும்படி வைத்தேன். சரிபார்க்கும் நிரலில் ஒரு நிமிடம் முன்பின் சலுகை கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஏபிஐ பதிலாக அனுப்பும் 401, 403 என்ற பிழை எண்கள் இரண்டும் 'அனுமதி இல்லை' தானே? ஏன் இரண்டு எண்?
— வாசகர், கொடைக்கானல்

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அனுமதிச் சீட்டே இல்லாமலோ காலாவதியான சீட்டோடோ போய் நின்றால் 401. செல்லுகிற சீட்டோடு போய், அதில் இல்லாத பாதையில் திரும்பினால் 403. முதலாவதற்குப் புது டோக்கன் வாங்கிவிட்டு மறுபடி கேட்கும்படி உங்கள் செயலியை எழுதலாம். இரண்டாவதற்கு அதே ஸ்கோப்பில் எத்தனை டோக்கன் வாங்கினாலும் பதில் மாறாது. ஏபிஐ வைத்திருப்பவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.